சோயாவின் விலை ஈரத்தில் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சோயா விவசாயிகள் பற்றிய உங்கள் கட்டுரை, மகசூல் கூடினால் வருமானம் தானே கூடிவிடும் என்கிறது. கோழித்தீவனத் தொழிலில் இருப்பவன் நான். எங்களுக்குச் சோயா புண்ணாக்கு பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரப் பக்கமிருந்துதான் வருகிறது. அங்கே பணம் வேறு இடத்தில் ஒழுகுகிறது.

2024-25 பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். அறுவடை நேரத்தில் மண்டி விலை அதற்கும் கீழே கிடந்தது. அரசு கொள்முதல் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழை விட்டும் விடாமலும் இருக்கிற அக்டோபரில் அறுத்த சோயா அதற்குள் எங்கே காயும்? அடுத்துக் கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைக்கக் காசு வேண்டும், தீபாவளி வேறு. மீட்டர் 16 என்று காட்டிவிட்டால் வியாபாரி சொல்வதுதான் விலை. கடைசியில் வரம்பை 15 சதவீதமாகத் தளர்த்தினார்கள், நவம்பர் நடுவில்! கைமுடை உள்ளவர் அதுவரை காத்திருப்பாரா?

மகசூல் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் சராசரி ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டித்தான் நிற்கிறது. உலக சராசரி இரண்டரை டன்னுக்கு மேல். கரிசலில் தண்ணீர் தேங்காமல் மேட்டுப்பாத்தியில் விதைக்கலாம். விதையிலும் கவனம் வேண்டும். சோயாவின் தோல் மெல்லிசு. கதிரடிக்கும் இயந்திரத்தை வேகமாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விழும், அப்புறம் முளைக்காது. நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து குறைந்தது எழுபது முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு விதைப்பது செலவில்லாத வேலை.

சரி, விளைந்ததைக் காய வைக்க இடம்? ஊருக்கு ஒரு சிமெண்ட் களம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடம் ஓர் உலர்த்தி, கிடங்கில் வைத்த சரக்கின் ரசீதைக் காட்டினால் உடனடிக் கடன். இவை இருந்தால் இரண்டு மாதம் பொறுத்து விற்கலாம்.

விலை ஏறினால் மட்டும் அரசுக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிடுகிறது. 2021-இல் சோயா விலை எகிறியபோது எங்கள் கோழித்தொழில் இறக்குமதி கேட்டது. ஆகஸ்டிலேயே 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதி வந்தது. எங்களுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. விலை விழும்போது விவசாயிக்கும் அதே வேகம் கிடைக்க வேண்டாமா? ஈரப்பத வரம்புத் தளர்வை இனி செப்டம்பரிலேயே அறிவிக்கச் சொல்லி ஒரு தலையங்கம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாமக்கல்