செம்பனையில் ஒரு கூகைக் குடும்பம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில், எலி பிடிக்கும் கூகைக்காகக் கம்பத்தின் மேல் வைத்த பெட்டியில் அந்த ஆந்தை குஞ்சு பொரித்தது. மலாய் மொழியில் ஆந்தையைப் ‘புரோங் ஹந்து’, அதாவது பேய்ப் பறவை என்பார்கள். நம்மவர்களும் அலறல் கேட்டால் சாவு வரும் என்று கதவைச் சாத்துவார்கள். நானும் சாத்தியவன்தான்.

ஐந்து குஞ்சுகள். முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரிவதால் ஐந்தும் ஐந்து அளவு. மூத்தது நெஞ்சை நிமிர்த்தி நிற்க, கடைக்குட்டி பஞ்சு உருண்டையாய் மூலையில் கிடந்தது. இருட்டியதும் குக்கர் ஆவி விடுவது போல ஒரே சீறல். அப்பன் எலியோடு வந்து போட்டுவிட்டு அடுத்த நடைக்குப் பறந்துவிடும். ஏழாவது வாரம் பெட்டி வாசலில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்தன. பத்தாவது வாரத்துக்குள் நான்கு பறந்துவிட்டன. கடைக்குட்டி ஏனோ பிழைக்கவில்லை.

பெட்டிக்கு அடியில் கூகை கக்கிப் போட்ட உருண்டைகளை உடைத்தால் எல்லாம் எலி முடியும் எலும்பும். பழக்குலையைக் கடித்து நாசமாக்கும் அதே எலிதான்! பெட்டி வைத்தவர்களே மரத்தடியில் எலி மருந்துக் கட்டியும் வைக்கிறார்கள். மருந்து தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடித் திரியும். கூகைக்கு முதலில் சிக்குவது அதுதான்; தின்றால் கூகைக்கும் விஷம். முட்டையிடும் காலத்திலாவது பெட்டி இருக்கும் நிரைகளில் மருந்தை நிறுத்தக் கூடாதா?

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
பேராக்