சாலைக் கணக்கெடுப்பில் 'காரணம்' என்றொரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்போனைக் காரில் மாட்டி ஊரைச் சுற்றி வந்தாலே எந்தச் சாலை மோசம் என்பது வரைபடத்தில் விழுந்துவிடும் என்கிறார்கள். செலவு குறைவு, செய்யட்டும். ஆனால் செல்போனுக்குத் தெரிவது குலுக்கல் மட்டும்தான். வேகத்தடையும் அதற்குப் பள்ளமே. ஓட்டுநர் ஒடித்துத் திருப்பித் தப்பிய பெருங்குழி அதன் கணக்கில் வராது, விரிசலும் வராது. நாகர்கோவிலின் கோட்டாறு போன்ற நெருக்கமான பகுதியில் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினால் பக்கத்துத் தெருவின் பேரில் பதிவாகிவிடும். மின்கம்ப எண்ணையும் குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை.

விரிசலுக்கு நடந்துதான் ஆக வேண்டும். இரண்டு பேர், ஒரு டேப், ஒரு நேர்கோல் போதும். நேரம்தான் முக்கியம்: மழை விட்டு வெயில் ஏறும்போது தார்ப்பரப்பு முதலில் காய்ந்து வெளுக்கும், விரிசலில் மட்டும் ஈரம் கறுப்புக் கோடாக நிற்கும். நண்பகலில் தெரியாத மயிரிழை விரிசலும் அப்போது தெரியும். தெருவை 50 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து அளக்க வேண்டும். 5.5 மீட்டர் அகலச் சாலையில் ஒரு துண்டு 275 சதுர மீட்டர். அதில் 27 சதுர மீட்டரில் விரிசல் விட்டிருந்தால் ஏறக்குறைய 10 சதவீதம். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி போட்டால் கெட்ட துண்டு நல்ல துண்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரே சதவீதம் வந்த இரண்டு தெருக்களுக்கு ஒரே வைத்தியம் செய்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அதனால்தான் அளவுத்தாளில் சதவீதத்துக்குப் பக்கத்தில் 'காரணம்' என்றொரு கட்டமும் வேண்டும் என்கிறேன். சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக விரிசல் விட்டிருந்தால் பெரும்பாலும் அடித்தளம் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதன்மேல் 30 மில்லிமீட்டர் தார்க்கலவை போட்டால் அடுத்த மழைக்குள் அதே விரிசல் மேலே வரும். தோண்டி ஜல்லி அடுக்கிலிருந்து சரிசெய்ய வேண்டும். குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ வெட்டிய இடம் நீளவாக்கில் தாழ்ந்தால், மண்ணை 15, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகத் திமிசு போட்டு இறுக்காமல் மொத்தமாகத் தள்ளி மூடியிருப்பார்கள். அங்கே ஒட்டுப்போடுவது குழிக்கு மூடி போடுவதுதான். ஓரம் மட்டும் உடைந்திருந்தால் ஓடையையும் பக்கவாட்டு மண்ணையும் பாருங்கள். ஓடை அடைத்துத் தண்ணீர் தேங்கும் இடத்தில் ஓடையைச் சரிசெய்யாமல் கொட்டும் தார் கரைத்த காசு.

'மிக மோசமானது முதலில்' என்ற வரிசையும் சரியல்ல. அந்தச் சாலை எப்படியும் மறுகட்டுமானத்துக்குத்தான் போகப்போகிறது. இந்த ஆண்டு விரிசலை அடைத்தாலோ மெல்லிய மேற்பூச்சு கொடுத்தாலோ தப்பிக்கும் சாலைகள்தான் காத்திருக்க முடியாதவை. நிதியில் ஒரு பங்கை முதலிலேயே அவற்றுக்கு ஒதுக்கிவிட வேண்டும். பார்க்க நன்றாக இருக்கும் சாலையில் எதற்கு வேலை என்று கவுன்சிலர் கேட்பார், அளவுத்தாளைக் காட்டலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஆகவே தண்ணீர் தேங்கும் இடங்களை நவம்பரில் மழையிலேயே குறித்து, விரிசலை டிசம்பரில் அளந்து, ஜனவரியில் ஒப்பந்தம் விட்டால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம் வேலைக்குக் கிடைக்கும். கணக்கெடுப்புப் பட்டியலே மார்ச்சில்தான் முடிந்தால் கோடை மழை வந்து நிற்கும். ஈரத்தில் சூடான கலவை ஒட்டாது. விஜி-30 என்ற தார் வகையானால் உருளை ஓடி முடியும்வரை கலவைச் சூடு 90 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. மழைக்கால அவசரக் குழிகளுக்குக் சூடாக்காமலே போடக்கூடிய குளிர்கலவை மூட்டைகளை வைத்துக்கொள்ளலாம். குழியைச் செவ்வகமாக வெட்டி, சேற்றை அள்ளிய பிறகுதான் அதையும் நிரப்ப வேண்டும்.

சாலை உயர்ந்து வீடுகள் தாழ்ந்துவிடாமல் இருக்க, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் வீட்டு வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் ஒரு கட்டத்தில் எழுதலாம். குழாய் இணைப்பு பாக்கியுள்ள தெருக்களின் பட்டியலைக் குடிநீர்ப் பிரிவிடம் வாங்கி, அவற்றை மட்டும் இந்த ஆண்டு நிறுத்திவைக்க வேண்டும்.

– சாலைப்பணிப் பொறியாளர், நாகர்கோவில்