மெக்கானிக்க எடுத்து ஆடுறது திருட்டு இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலர்ல நம்ம மலேசிய நாட்டுப் பசங்க செய்யுற வீடியோ கேம் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். தமிழ்ப் பத்திரிகையில இதுக்கு இடம் ஒதுக்குனதுக்கே முதல்ல நன்றி. ஆனா எல்லாமே எங்கயோ பாத்த ஆட்டம், சொந்தச் சரக்கு எதுவும் இல்லன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, அத என்னால ஏத்துக்கவே முடியல. குதிக்கிறது, சுடுறது, லெவல் ஏறுனா மூணு பவர்ல ஒண்ண எடுத்துக்கிறது, இதெல்லாம் மெக்கானிக், அதாவது ஆட்டம் ஓடுற முறை. ஒருத்தர் கண்டுபுடிப்பாரு, அடுத்தவர் எடுத்து வேற மாதிரி ஆக்குவாரு, இந்தத் துறையே அப்படித்தான் வளந்துச்சு.

தொண்ணூறுகள்ல பினாங்குல வளந்த பசங்களுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூங்கிற சண்டை ஆட்டம் தெரியாம இருக்காது. ஜாய்ஸ்டிக்க கீழ இருந்து முன்னாடிக்கு ஒரே உருட்டா உருட்டி பஞ்ச் பட்டன அடிச்சா ஹடோக்கேன்ங்கிற நெருப்புப் பந்து மாதிரி ஒண்ணு பறக்கும், உள்ளங்கை காய்ச்சுப் போற வரைக்கும் அதப் பழகுனோம். அது வந்தது 1991. ரெண்டு வருஷம் கழிச்சு டேட்டா ஈஸ்ட்ங்கிற ஜப்பான் கம்பெனி ஃபைட்டர்ஸ் ஹிஸ்டரின்னு ஒரு ஆட்டம் விட்டுச்சு, அதுலயும் அதே உருட்டு, ஏறக்குறைய அதே மாதிரி ஆளுங்க, ஸ்ட்ரீட் ஃபைட்டர் செஞ்ச கேப்காம் கோவத்துல அமெரிக்கக் கோர்ட்டுக்கே போயிருச்சு. 1994ல கோர்ட்டு தடை போட மறுத்துருச்சு, சண்டையில எல்லாரும் அடிக்கிற குத்துக்கும் உதைக்கும் ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாதுன்னு. இன்னொன்னு கேளுங்க, இதே டேட்டா ஈஸ்ட்தான் 1984ல கராத்தே சாம்ப்னு ஒரு ஆட்டம் போட்டு, எங்கள பாத்து செஞ்சுட்டாங்கன்னு எப்பிக்ஸ் கம்பெனி மேல கேஸ் போட்டு, 1988ல அப்பீல்ல தோத்தவங்க. அவங்கள அன்னிக்குத் தோக்க வச்ச அதே நியாயம்தான் ஆறு வருஷம் கழிச்சு அவங்களயே காப்பாத்துச்சு. அன்னிக்கு அவங்க ஜெயிச்சு, ரெண்டு பேரு நேருக்கு நேரா நின்னு அடிச்சுக்கிற ஆட்டமே அவங்களுக்குத்தான் சொந்தம்னு ஆயிருந்தா, டெக்கன், மோர்ட்டல் கோம்பாட் மாதிரி சண்டை ஆட்டமெல்லாம் நமக்கு எங்க இருந்து வந்திருக்கும்?

கம்ப்யூட்டர விடுங்க, பல்லாங்குழிய எடுத்துக்குங்க. மலாய்க்காரங்க வீட்டுல சொங்காக் இருக்கும், ரெண்டுலயும் குழியில இருக்கிறத அள்ளி ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போகணும். ஆனா சொங்காக்ல ரெண்டு முனையிலயும் ஆளுக்கு ஒரு பெரிய குழி இருக்கும், கடைசிக் காய் நம்ம பெரிய குழியில விழுந்தா இன்னொரு ஆட்டம் கிடைக்கும், அதனால எத்தன காய் எங்க போய் முடியும்னு முன்னாடியே எண்ணி ஆடணும். எங்க பாட்டி ஆடுற பல்லாங்குழியில அந்தப் பெரிய குழி கிடையாது, ஒரு குழியில நாலு சேந்தா பசு, அத எடுத்துக்கலாம், கண்ணு எப்பவும் நாலு சேருற குழியிலேயே இருக்கும். ஒரே மெக்கானிக்தான், ஆனா ஆடுறவங்க மனசு ஓடுற விதமே வேற. ரெண்டுல ஒண்ண காப்பின்னு யாராவது சொல்றாங்களா?

அதுக்காக திருட்டே இல்லன்னு சொல்ல வரல. ஐஃபோன்ல மினோன்னு ஒரு ஆட்டம் வந்துச்சு, டெட்ரிஸ்ல இருக்கிற அதே கட்டைங்க, அதே பத்துக்கு இருபது கட்டம், பக்கத்துல வச்சா எது எதுன்னே தெரியாது. 2012ல அமெரிக்கக் கோர்ட்டு சொன்னது, விதிய எடுத்துக்கலாம், ஆனா அந்த உருவத்த அப்படியே எடுத்தது தப்புன்னு. எனக்கு அந்தத் தீர்ப்பு சரின்னுதான் படுது. இத விட மனசுக்குக் கஷ்டமா இருக்கிறது த்ரீஸ் கதை. 2014 பிப்ரவரியில வந்த நம்பர் ஆட்டம் அது, ஒரு வருஷத்துக்கும் மேல உக்காந்து செதுக்குனாங்க, அடுத்த மாசமே அதே மாதிரி 2048ங்கிற ஆட்டம் ஃப்ரீயா வந்து ஊரெல்லாம் பரவிருச்சு, ஒரு வாரக் கடைசியில செஞ்சதாம். 2048 செஞ்சவர கெட்டவர்னு சொல்ல மாட்டேன், ஆனா த்ரீஸ் பேர இங்க எத்தன பேருக்குத் தெரியும்? எடுத்தா எங்க இருந்து எடுத்தோம்னு சத்தமா சொல்லணும், அது கட்டாயம்.

மெக்கானிக்குக்கே பேட்டன்ட், அதாவது காப்புரிமை, போட்டு பூட்டுறதுதான் எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம். ஆட்டம் ஏறுற வரைக்கும் காத்திருக்கிற லோடிங் ஸ்க்ரீன்ல குட்டி ஆட்டம் வைக்கிறதுக்கு நாம்கோங்கிற ஜப்பான் கம்பெனி பேட்டன்ட் வச்சிருந்துச்சு, 2015ல தான் அது முடிஞ்சுச்சு, பிளேஸ்டேஷன் காலம் முழுக்க நாம லோடிங் கோடு நகருறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ஷேடோ ஆஃப் மோர்டோர்ங்கிற ஆட்டத்துல நம்மள கொன்ன ஓர்க்ங்கிற அரக்க உருவம் பதவி உயந்து, அடுத்த தடவ பாக்கும்போது பழசெல்லாம் ஞாபகம் வச்சு நம்மள சீண்டும், அவ்ளோ அருமையான ஐடியா. அந்த ஆட்டத்த வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் 2021ல அதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாங்க, அத செஞ்ச மோனோலித் ஸ்டூடியோவ 2025ல மூடிட்டாங்க, செஞ்சவங்களும் இல்ல, அடுத்தவங்களும் தொட பயப்படுறாங்க. நம்ம நாட்டு 1983 பேட்டன்ட் சட்டம் 13ஆவது பிரிவுல, ஆட்டம் ஆடுற விதிமுறைக்கு பேட்டன்ட் கிடையாதுன்னு தெளிவா இருக்கு. நம்ம பசங்களுக்கு இத யாராவது சொல்லிக் குடுக்கணும்.

என் அக்கா மகன் காலேஜ்ல ஒரு ஆட்டம் செஞ்சான். பாலிக் பூலாவ் டுரியான் தோட்டம், ராத்திரி நேரம், நாலா பக்கமும் குரங்கும் காட்டுப்பன்னியும் மரநாயும் கூட்டமா வரும், அடி தானா விழும், நாம நகந்துக்கிட்டே இருக்கணும். ஆமா, அது வாம்பயர் சர்வைவர்ஸ்ங்கிற பிரபல ஆட்டத்தோட முறைதான், அவனே முதல் ஸ்க்ரீன்ல எழுதிப் போட்டிருக்கான். ஆனா அவன் ஆட்டத்துல பழம் எப்ப விழும்னு தெரியாது, விழுந்த சத்தம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் உங்கள விட்டுட்டு அங்க திரும்பும், அந்த ரெண்டு மூணு நொடியில பழத்துக்கு ஓடுறதா தப்பிக்கிறதான்னு முடிவு பண்ணணும். அவன் கலந்துக்கிட்ட ஒரு போட்டியில நடுவர் ஒரு நிமிஷம் பாத்துட்டு, இது காப்பி தம்பின்னு சொல்லிட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டாரு, ஒரு பழம் கூட விழல அதுக்குள்ள. வாம்பயர் சர்வைவர்ஸ் செஞ்சவரே மேஜிக் சர்வைவல்ங்கிற மொபைல் கேமப் பாத்துத்தான் தனக்கு யோசன வந்துச்சுன்னு வெளிப்படையா சொன்னவரு, 2023ல பிரிட்டனோட பாஃப்டா சிறந்த ஆட்டம் விருது அதுக்குத்தான் குடுத்தாங்க.

அதனால ஐயா, உங்க கட்டுரையாளர்கிட்ட ஒரு வேண்டுகோள். நம்ம நாட்டுல செஞ்ச கீகாபாஷ்ங்கிற ராட்சசச் சண்டை ஆட்டத்த எடுத்து ஆடிப் பாக்கச் சொல்லுங்க, பவர் ஸ்டோன்ங்கிற பழைய சண்டை ஆட்டம் ஆடுனவங்களுக்கு உடனே அதோட வாடை தெரியும், ஆனாலும் காட்சில்லா சினிமாக்காரங்களே அனுமதி குடுத்து காட்சில்லாவ அதுக்குள்ள விட்டாங்க. எத எடுத்தாங்கன்னு ஒரு வரி எழுதட்டும், எத மாத்துனாங்கன்னு பத்து வரி எழுதட்டும். டுரியான் தோட்டத்தோட டெமோ வேணும்னா நானே அனுப்பி வைக்கிறேன், ஆனா தயவுசெஞ்சு நாலஞ்சு பழமாவது விழுற வரைக்கும் ஆடிட்டு எழுதச் சொல்லுங்க.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு