தீவனத் தழையின் துவர்ப்பையும் அளந்து சொல்லுங்கள்

வேலூர் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலர்களுக்கும், தீவன ஆய்வில் ஈடுபட்டுள்ள அறிஞர்களுக்கும் வணக்கம்.

ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்திலும் ஜவ்வாது மலைச் சரிவிலும் வெள்ளாடு வளர்க்கும் எங்களுக்கு சூபாபுல், வேலிமசால், அகத்தித் தழைகள் பரிந்துரைக்கப்படும்போது, அவற்றிலுள்ள புரதத்தின் அளவு மட்டுமே சொல்லப்படுகிறது. அந்தப் புரதத்தில் எவ்வளவு ஆட்டின் உடம்பில் சேரும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும், தழைக்குத் துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. டானின் ஒரு செடியில் எப்போதும் ஒரே அளவாக நிற்பதன்று. இலையின் வயதோடும் பருவத்தோடும் அது மாறுகிறது. அறிவுரையும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பூக்களுக்குச் சிவப்பும் ஊதாவும் தரும் ஆந்தோசயனின் நிறமிகள் உருவாகும் அதே வேதிப்பாதையின் ஒரு கிளையில், கேட்டிச்சின், எபிகேட்டிச்சின் போன்ற சிறு மூலக்கூறுகள் பிறந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு டானின் சங்கிலிகளாகி, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்னும் பையில் சேர்கின்றன. இலையின் புரதமோ பெரும்பாலும் அந்தப் பைக்கு வெளியே இருக்கிறது. ஆடு மெல்லும்போது பை உடைந்து இரண்டும் பிணைகின்றன. இராணிப்பேட்டையும் ஆம்பூரும் நன்கறிந்த ஆவாரம்பட்டைப் பதனிடுதலில் தோலின் புரதத்தோடு டானின் பிணைவதும் இதே வேதியியல்தான்; ஆவாரையும் பயறுக் குடும்பத்துச் செடியே.

இந்தப் பிணைப்பு முற்றிலும் தீங்கானதன்று. முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடாமல் புரதத்தைக் காத்து, நான்காம் வயிற்றின் கடும் அமிலத்தில் அதை விடுவிப்பதால், சிறுகுடலுக்குக் கூடுதல் புரதம் போய்ச் சேருகிறது. இலையில் டானின் ஏறக்குறைய இல்லாத குதிரைமசாலைப் பச்சையாக மிகுதியாகத் தின்ற மாட்டுக்கு வயிறு உப்புவதையும், டானின் உள்ள தழைகள் உப்புசம் உண்டாக்காததையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். குடற்புழுக்களையும் சில டானின்கள் கட்டுப்படுத்துகின்றன. தழையின் உலர் எடையில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை பல தழைகளில் நன்மையாக இருக்கும் டானின், 5 பங்கைத் தாண்டும்போது தீனி எடுப்பதையும் செரிமானத்தையும் குறைக்கத் தொடங்குகிறது. செடிக்குச் செடி டானினின் வேதியமைப்பு வேறுபடுவதால், இந்த எல்லையும் எல்லாத் தழைக்கும் ஒன்றாக இராது.

மாற்றத்தை இனி கவனியுங்கள். பல இனங்களில் தளிரில் செறிந்திருக்கும் டானின், இலை விரியும்போது நீர்த்துப்போகிறது. வேறு சிலவற்றில் முற்றும்போது ஏறுகிறது. வெயிலும் வறட்சியும் சத்துக்குறைந்த மண்ணும் பெரும்பாலும் அதைக் கூட்டுகின்றன. அப்படியிருக்க, தீவனத்துக்கு வேறு வழியின்றி மரத்தழையையே நம்பும் சித்திரை வெயிலில் ஒடித்த கிளையையும், கார்த்திகை மழையில் துளிர்த்த கிளையையும் ஒரே புரத எண்ணால் மதிப்பது எங்களுக்குப் பாதகமாகவே முடியும்.

உலர்த்துவது பற்றியும் தெளிவு வேண்டும். இலை வாடும்போது செல் குலைந்து, டானின் அங்கேயே புரதத்தோடும் நாரோடும் ஒட்டிக்கொள்வதால், சோதனையில் கரைந்து வரும் அளவு குறைகிறது. அதை டானின் அழிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. மாதிரியை அதிக வெப்பத்தில் உலர்த்தி, கரையும் பங்கை மட்டும் அளந்தால் உண்மையைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும்.

ஆகவே, சமவெளியிலும் மலையிலும், கோடையிலும் மழைக்காலத்திலும், தளிரையும் முற்றிய இலையையும் தனித்தனியே எடுத்து, கரையும் டானினையும் பிணைந்த டானினையும் சேர்த்து அளந்திட வேண்டுகிறேன். எந்த மாதத்தில் எந்தத் தழையைத் தீனியில் எத்தனை பங்கு, பச்சையாகவா வாடவிட்டா கொடுக்கலாம் என்ற விவரம், ஆடு வளர்ப்போர் வந்துபோகும் கால்நடை மருந்தகச் சுவரில் தமிழில் எழுதப்பட வேண்டும்.

இங்ஙனம்,
ஒடுகத்தூர்ப் பகுதியில் வெள்ளாடு வளர்ப்போரில் ஒருவன்