சுவரில் ஷெரீப் படம் ஏன்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன ஞாயிறு வகுப்பு முடிந்து நான் வீடு போய்ச் சேர்வதற்குள் நான்கு மின்னஞ்சல், வாட்ஸ்அப் குழுவில் அதற்கு மேல். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: நம் தமிழ்ப் பள்ளிச் சுவரில் ஐந்தாம் நிலைப் பிள்ளைகள் ஒட்டியிருக்கும் 'நம்ம ஊர் ஆட்கள்' அட்டைகளில், நூலகரம்மாவுக்கும் தீயணைப்பு வீரருக்கும் நடுவில் ஜெயிலை நடத்துகிறவருக்கு என்ன வேலை? ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதினால் இந்த வாரம் அதிலேயே போய்விடும், அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் படத்தை ஆசிரியர் யாரும் கொடுக்கவில்லை. இங்கே அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நம் மிடில்செக்ஸ் கவுண்டியில் (ஊரில் மாவட்டம் என்போமே, அது மாதிரி) இருக்கும் யாராவது ஒருவரைப் பற்றித் தமிழில் பத்து வரி எழுதச் சொன்னோம், அவ்வளவுதான். ஒரு பெண், கவுண்டிச் சிறையை நடத்தும் ஷெரீப் பீட்டர் குட்டூஜியனைப் பிடித்துக்கொண்டாள். ஏன் இவர் என்று வகுப்பு ஆசிரியை கேட்டதற்கு, "மற்ற ஷெரீப்புகள் எல்லாரும் சேர்ந்து இவரைத் தலைவர் ஆக்கினார்கள், மிஸ்" என்றாள். உண்மைதான். மாசசூசெட்ஸில் 14 கவுண்டி, 14 ஷெரீப். அவர்களுக்கென்று இருக்கும் மாநிலச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் இவர். நாட்டின் பெரிய கவுண்டி ஷெரீப்புகளின் சங்கத்துக்கும் தலைவராக இருந்திருக்கிறார். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது ஒன்று, அதே வேலையைத் தினமும் செய்து அதன் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த பதின்மூன்று பேர் ஒருவரை முன்னால் நிறுத்துவது வேறொன்று. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தானாகத் தோன்றியதே, எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது.

ஆனால் அட்டை எழுதுவதற்குள் எங்கள் எல்லாருக்கும் தாவு தீர்ந்துவிட்டது. ஷெரீப் என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது? அவள் முதலில் 'காவல்துறைத் தலைவர்' என்று எழுதினாள், ஆசிரியரும் சரி போட்டுவிட்டார், நான்தான் குறுக்கே விழுந்தேன். டெக்சஸ், ஃப்ளோரிடா பக்கமென்றால் அப்படி எழுதலாம், அங்கே ஷெரீப்பின் ஆட்கள்தான் பல இடங்களில் ரோந்து போகிறார்கள். நம் மாநிலத்தில் சாலையில் உங்களை மடக்குவது ஊர் போலீஸ், இல்லாவிட்டால் மாநில போலீஸ். இங்கே ஷெரீப்பின் முதல் வேலை கவுண்டிச் சிறையைப் பார்த்துக்கொள்வது. கைதிகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவருவது, நீதிமன்ற ஆணைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அதோடு வரும். மிடில்செக்ஸ் கவுண்டி அரசாங்கத்தை 1997-லேயே கலைத்துவிட்டார்கள், இன்றைக்குக் கவுண்டி என்பது பெரும்பாலும் வரைபடத்தில் ஒரு கோடு. ஆனால் ஷெரீப் மட்டும் போகவில்லை, 54 ஊர்களுக்கும் சேர்த்து ஆறு வருடத்துக்கு ஒரு முறை வாக்குச்சீட்டில் வருகிறார். குடியுரிமை வாங்கிவிட்ட பெற்றோர் எத்தனை பேர் அந்த வரியைப் படித்துப் பார்த்து வட்டத்தை நிரப்பினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நானே ஒரு முறை அப்படியே தாண்டிப் போனவன்தான்.

நம்மில் பலருக்கு ஷெரீப் என்றால் நினைவுக்கு வருவது அந்தக் காலத்து மெட்ராஸ் ஷெரீப். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்குக் கொடுக்கும் கௌரவப் பதவி, விமான நிலையத்தில் மாலையோடு நிற்பார், நாளிதழில் படம் வரும். சென்னையில் பிற்பாடு அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். பெயர் ஒன்றுதான், வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வகுப்புக்குத் துணைக்கு வந்திருந்த ஒரு தாத்தா, அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் ஷயர், ரீவ் என்ற இரண்டும் ஒட்டி வந்தது, அதாவது வட்டாரத்தில் ராஜாவின் ஆள், அப்படியானால் 'மணியக்காரர்' என்று எழுதுங்களேன் என்றார். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகள் ஓட்டெடுப்பு நடத்தி மணியக்காரரைத் தோற்கடித்து 'ஷெரீப்' என்றே வைத்துக்கொண்டார்கள். இன்னொரு பையன், பெயர் 'யன்' என்று முடிகிறதே, இவரும் தமிழரா என்று கேட்டான். இல்லை, ஆர்மீனியர். அவர்கள் பெயர்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். பக்கத்து வாட்டர்டவுனில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்.

சரி, ஜெயில் விஷயத்துக்கு வருகிறேன், உங்களுக்கு உறுத்துவது அதுதானே. கேம்பிரிட்ஜ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கிழக்குக் கேம்பிரிட்ஜில் அந்த உயரமான பழைய நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் மாடிகளில்தான் 2014 வரை ஒரு சிறை இருந்தது, பிறகு எல்லாரையும் இதே கவுண்டியில் உள்ள பில்லரிக்கா ஊர்ச் சிறைக்கு மாற்றினார்கள். அந்த பில்லரிக்கா சிறையில் இவர் 2016-ல் முன்னாள் ராணுவத்தினருக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்கினார், 2018-ல் 18 முதல் 24 வயது வரையுள்ள இளைஞர்களுக்கு இன்னொன்று. லோவெலில் இளைஞர்களோடு வேலை செய்யும் ஓர் அமைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. உள்ளே போன பையன் வெளியே வந்து மறுபடி உள்ளே போகாமல் இருக்க என்ன வழி என்று பார்ப்பதுதான் நோக்கம். 24 வயது என்றால் நம் வீட்டில் இன்னும் துணியைக் கூடையில் போடாத பையன். பூட்டுவதும் திறப்பதும் மட்டும்தான் சிறை நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கே இது புதிது.

இவர் செய்வதெல்லாம் சரி என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. இவர் தேர்தலில் கட்சியின் பெயரில் நிற்கிறவர், 2011-ல் ஆளுநர் நியமித்து வந்து அதன்பின் ஓட்டில் ஜெயித்தவர், நம் பள்ளி யாருக்கும் பிரசாரம் செய்யாது. ஆனால் ஒரு குழந்தை காரணத்தோடு ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் பத்து வரி எழுதியிருக்கும்போது, 'சிறை' என்ற சொல் வந்துவிட்டதே என்பதற்காக அதைக் கிழிக்க எனக்கு மனசு வராது. படம் அரையாண்டு முடியும் வரை அங்கேதான் இருக்கும். ஆட்சேபம் இருப்பவர்கள் இந்த ஞாயிறு தேநீர் மேசைக்கு வாருங்கள், பேசுவோம்.

அப்புறம், அந்த அட்டையைப் பிரதி எடுத்து, கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி சேர்த்து, ஷெரீப் அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்பப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அனுப்பலாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம் பாக்கி இருக்கிறது: மூன்றாவது வரியிலும் ஏழாவது வரியிலும் அவள் 'சிரை' என்று எழுதியிருக்கிறாள். வல்லின றகரம் போட்டு இந்த வாரம் வீட்டிலேயே திருத்தி எழுத வைக்கும்படி அவள் அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன், 'சிரை' என்றால் ரத்தக் குழாய், திருத்தாவிட்டால் ஷெரீப் நரம்பு வைத்தியர் ஆகிவிடுவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்