அந்தச் சிவப்பு ரெலிபோனுக்கும் அதைத் தந்த கைகளுக்கும்

நேற்றிரவுதான் எங்கள் 'நிலைகுலைவின் விளிம்பில் பெண்கள்' இசை நாடகத்தின் கடைசிக் காட்சி முடிந்தது. மேடையைப் பிரித்து, ஆணி பொறுக்கி, வீடு வந்து சேர அதிகாலை மூன்று மணி. நித்திரை வரவில்லை. மனசு ஆறிப்போக முன்னம் எழுதிவிட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை எங்கள் மண்டபத்துக்குள் தண்ணீர் புகுந்து என்ன செய்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லி உங்களையும் என்னையும் நோகடிக்கப் போவதில்லை. வெள்ளி காலை எங்களிடம் மிஞ்சியிருந்தது பாடத் தெரிந்த பதினான்கு பேரும் ஒரு கட்டிலும்தான்.

தள்ளிப்போடலாமே, ஏன் இந்தப் பிடிவாதம் என்று அன்போடு கேட்டவர்களுக்கு அப்போது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். பெத்ரோ அல்மொதோவார் 1988இல் எடுத்த 'நிலைகுலைவின் விளிம்பில் பெண்கள்' படத்துக்கு ஜெஃப்ரி லேன் வசனமும் டேவிட் யஸ்பெக் பாட்டும் எழுதி, 2010 நவம்பரில் நியூயோர்க் பெலாஸ்கோ அரங்கில் இசை நாடகமாக ஏற்றினார்கள். பட்டி லுபோன் போன்ற பெரிய நடிகர்கள் இருந்தும் 2011 ஜனவரி 2ஆம் திகதியோடு நிறுத்தவேண்டி வந்தது. இரண்டு மாதம்கூட ஓடவில்லை. அவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. திருத்தி எழுதி, 2015இல் இங்கே லண்டன் பிளேஹவுஸ் அரங்கில் திரும்பவும் ஏற்றினார்கள். டாம்சின் கிரெய்க் கதாநாயகி பெப்பாவாக நடித்ததை மேல்மாடத்தில் கடைசி வரிசையில் இருந்து பார்த்தவள் நான். ஒருமுறை விழுந்தும் தூக்கி நிறுத்தப்பட்ட நாடகத்தை, தண்ணீருக்குப் பயந்து எப்படிக் கைவிடுவது?

அந்தத் தண்ணீரில் போனவற்றில் என்னை அழவைத்தது ரெலிபோன்தான். படம் பார்த்தவர்களுக்குப் புரியும். பெப்பா, படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவள். அவளை விட்டுப் போகிற இவானும் குரல் கொடுப்பவன்தான். கதை முழுக்க அவன் எடுப்பானா எடுப்பானா என்று காத்திருக்கிறாள். அதே ரெலிபோனை ஆத்திரத்தில் யன்னல் கண்ணாடி உடைய எறிகிறாள். படத்தில் கமெரா ரெலிபோனுக்குக் கிட்டப் போய்விடும். மேடையில் அது பதினைந்தாம் வரிசையில் இருப்பவருக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அந்தக் காத்திருப்பை எப்படிக் காட்டுவது என்று மூன்று மாதமாக மண்டையை உடைத்தோம். பாட்டு இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் வரும் மௌனத்துக்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சனி பின்னேரம், மண்டபத்துக்கு எதிர்த் தொடர்மாடியில் இருக்கும் ஸ்பானிய அம்மா ஒரு துணிப்பையோடு வந்தார். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. 1960களின் கடைசியில் மட்ரிட்டிலிருந்து லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் துப்புரவு வேலைக்கு வந்தவர். எங்களோடு அதுவரை கதைத்ததே இல்லை. ஒத்திகைச் சத்தம் கூடிப்போச்சு என்று சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பைக்குள் ஒரு சிவப்பு ரெலிபோன். ஸ்பெயினில் அந்தக் காலம் பல வீடுகளில் இருந்த 'எரால்டோ' வகை, விரல் விட்டுச் சுழற்றுவது. தாய் இறந்து வீட்டை ஒதுக்கியபோது எடுத்து வந்ததாம்.

"இதில் நான் கதைத்தது குறைவு," என்றார். "ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லண்டனிலிருந்து எடுப்பேன். மணி அடிப்பது இதில்தான். அம்மா பக்கத்தில் கதிரை போட்டுக் காத்திருப்பா."

இதை யன்னலால் எறியப்போகிறோம் என்று எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தெரியும், படம் பார்த்திருக்கிறேன்," என்றார்.

அதோடு போயிருந்தாலே பெரிய உதவி. ஆனால் எங்கள் பெப்பாவுக்கு இருபத்திமூன்று வயது. சுழற்றுகிற ரெலிபோனை அவள் தொட்டதே இல்லை; அடுத்த இலக்கத்துக்குத் தட்டு திரும்பி வர முன்னமே விரலை விட்டாள். அம்மா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேடையில் ஏறினார். பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து ஓட்டைக்குள் வைத்தார். தடுப்பு வரைக்கும் இழு. இப்போது விடு. பொறு. அது தானாக வரட்டும். கிர்ர்ர் என்று தட்டு திரும்பி வந்து நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றுக்குச் சின்னச் சுற்று, ஒன்பதுக்கு நீண்ட சுற்று. அவசரம் பிடித்தவளை அந்த இயந்திரமே ஒவ்வொரு இலக்கத்துக்கும் நிறுத்தி வைத்தது. நாங்கள் மூன்று மாதம் தேடிய மௌனம் அங்கே இருந்தது. ஒலி பார்க்கும் தம்பி ஒன்றும் பேசாமல் போய்ச் சின்ன மைக் ஒன்றைக் கொண்டுவந்து ரெலிபோனின் அடியில் ஒட்டினான்.

மற்றவர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். நனைந்த புள்ளிச் சட்டைகளைத் தோய்த்து, ஸ்திரி போட்டு, பிரிந்த தையலை இரவோடிரவாகத் தைத்துத் தந்த தமிழ்ப் பள்ளிக்கூட அம்மாமார், ஆறு நாளும் தக்காளியும் வெள்ளரிக்காயும் பூண்டும் அடித்து மேடைக்குக் கஸ்பாச்சோ என்ற ஸ்பானியக் குளிர் சூப் அனுப்பிய மாமி, விளக்குகளை இரவல் தந்த பக்கத்து ஊர் நாடகக் குழுவினர், பலகை அறுத்த அண்ணைமார், வான் ஓட்டியவர்கள், நுழைவுச்சீட்டுக் காசைத் திரும்பக் கேட்காத அத்தனை பேர். உங்கள் எல்லோருக்கும் என் இரு கை கூப்பு. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆள் தேவை என்றால் நடுச்சாமத்திலும் எனக்கு ரெலிபோன் எடுங்கள், வருவேன்.

யன்னல் சட்டத்துக்குப் பின்னால் மெத்தையோடு நின்று ரெலிபோனைப் பிடிப்பது என் வேலை. நான்காம் நாள் வழுவிவிட்டது. கைபிடியில் ஒரு வெடிப்பு. அடுத்த நாள் காலை கதவைத் தட்டி, அழுதுகொண்டே காட்டினேன். அவர் அதைத் திருப்பி மறுபக்கத்தில் இருந்த பழைய வெடிப்பைக் காட்டினார். "இது அம்மா விழுத்தினது," என்றார்.

நேற்று எல்லாம் முடிந்து, அதைத் துடைத்துத் துணிப்பைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு காட்சியும் இரண்டாம் வரிசையில் இருந்து பார்த்தவர். பாட்டு எப்படி, நடிப்பு எப்படி என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை. சுழல் தட்டின் நடுவில் இருக்கும் வட்டத் தாளைக் காட்டினார். மங்கிய மையில் ஏழு இலக்கம், தாயின் வீட்டு இலக்கம். எங்கள் பெப்பா ஒவ்வொரு இரவும் இவானுக்கு எடுப்பதாக நடிக்கும்போது, கண்ணுக்கு முன்னால் இருந்த அந்த இலக்கத்தையே சுழற்றியிருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. ஸ்பீக்கரில் வந்த சத்தத்தை வைத்து இவர் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"முதல் நாள் ஐந்தாவதில் அவசரப்பட்டுவிட்டாள்," என்றார். "பிறகு எல்லா நாளும் சரி."