யூலையிலேயே வாருங்கள்

அன்பு மகளுக்கு,

ஓகஸ்டில் நோர்வேக்கு வரலாம் என்று எழுதியிருக்கிறாய். பதிவு செய்வதற்கு முன் அப்பா சொல்வதையும் கேள். ரொறொன்ரோவில் யூன் கடைசியிலேயே பாடசாலை விட்டுவிடுமே, யூலை தொடக்கத்தில் வாருங்கள். ஓகஸ்டில் வந்தால் ஓலசுண்ட் பக்கமுள்ள ருண்டே தீவின் பஃபின் கடற்பறவைகள் போய்விடும். ஏப்ரல் நடுவில் வந்து, செங்குத்துச் சரிவில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்து, யூலை முடியும்போது கடலுக்கே திரும்பிவிடும். மாலையில்தான் கூட்டமாகக் கரைக்கு வரும். அந்த ஆரஞ்சு அலகைச் சின்னவன் பார்க்க வேண்டும், பிள்ளை.

ஒஸ்லோவுக்கு முன் நாங்கள் இருந்த ஓலசுண்ட் நகரம் உனக்கு ஞாபகம் இருக்காது. நாங்கள் ஒஸ்லோவுக்கு வரும்போது உனக்கு மூன்று வயது. வாரம் முழுக்க மீன் தொழிற்சாலையில் கொட் மீனுக்கு உப்புப் போட்டுவிட்டு, ஞாயிறு காலையில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அக்ஸ்லா குன்றின் 418 படிகளையும் ஏறுவேன். மேலே நின்றால் தீவுகளின் மேல் நீண்டு கிடக்கும் ஊர், கூரான கோபுரங்கள், சுற்றிவரக் கடல். 1904 ஜனவரி 23 அதிகாலை இருட்டில் பிடித்த தீயில் அங்கே மரவீடுகள் பெரும்பாலும் எரிந்து, பத்தாயிரம் பேர் அந்தக் குளிரில் வீடின்றி நின்றார்கள். மூன்றே வருடத்தில் கல்லாலும் செங்கல்லாலும் திரும்பக் கட்டினார்கள். இன்று எல்லாரும் படம் பிடிக்கும் அழகான வீடுகள் அவைதான். ஊரில் எங்கள் வீட்டை விட்டுவிட்டு வந்த எனக்கு, அவற்றைப் பார்க்கப் பார்க்கத் தெம்பு வரும். உனக்கு இதைச் சொன்னதே இல்லை.

மழை பெய்தால் கடல் பூங்காவுக்குப் போகலாம். பென்குயின்கள் இருக்கின்றன, பெரிய தொட்டியில் சுழியோடிகள் இறங்கி மீன்களுக்கு இரை கொடுப்பார்கள். மழைச்சட்டை கட்டாயம் கொண்டு வா.

கெய்ராங்கர் ஃபியோர்டுக்கு, மலைகளுக்கு நடுவே நீளும் அந்தக் கடல்நீர்ப் பள்ளத்தாக்குக்கு, ஒரு முழுநாள் வை. ஏழு சகோதரிகள் அருவி, பனி உருகும் காலத்தில்தான் ஏழாகவும் விழும். அதற்கும் யூலைதான் நல்லது. படகில் போகும்போது மலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பண்ணை வீடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டு. கீழே விழுந்துவிடாமல் குழந்தைகளைக் கயிற்றில் கட்டித்தான் விளையாட விடுவார்களாம். அந்தத் தாய்மாரை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பதறும்.

அக்ஸ்லாவுக்குக் காரிலும் போகலாம். ஆனாலும் படியில்தான் ஏற விருப்பம். என் முழங்காலுக்கு நேரம் எடுக்கும், சின்னவனை நீ தூக்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா